என் வீடிருக்க வீடு தேடினோம்

கொதிக்கிற சோற்றுப் பானையை அண்ணன் என் கணவரின் முதுகில் எறிந்த அன்றுதான் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினோம். களுதாவளையில் இருக்கிற அந்த வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் அப்படித்தான் போனார். குடித்துவிட்டு அங்கே மனைவியை அடித்தார். அவளுடைய தம்பிமார் இவரைப் புரட்டியெடுத்து ரோட்டில் போட்டார்கள். நேரே என் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்குத்தான் தங்கச்சி" என்று பாயை விரித்தவர், பிறகு அதைச் சுருட்டவேயில்லை.

என்னை அவர் தொட்டதில்லை. அடியெல்லாம் என் கணவருக்கு. சோறு குழைந்தால் அடி, மழைக்குக் கூரை ஒழுகினால் அடி. கணவரோ திருப்பி ஒரு கை ஓங்க மாட்டார். "உன்ட அண்ணன்தானே, நான் அடிச்சா நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்" என்பார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவர் வாடகைக்கு ஓட்டோ ஓட்டுகிறவர். முதுகில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாய், அடுப்பு, இரண்டு சட்டியை அதில் ஏற்றிக்கொண்டு வாவியைச் சுற்றி வீடு தேடப் புறப்பட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த மனுசன் பயமில்லாமல் முதுகைக் காட்டிப் படுக்க ஓரிடம்.

பயணம் ஆமை வேகம். வழியில் யார் கைகாட்டினாலும் ஏற்றுவார். அந்தக் காசில்தான் பெட்ரோலும் சாப்பாடும். சந்தைக்குப் போகிற பெண்களுக்கும் அவர்களுடைய கத்தரிக்காய் மூட்டைக்கும் நடுவில் நான் நசுங்கிக்கொண்டு போவேன். மத்தியானத்தில் வாவிக்கரையில் நிறுத்தி, தோணிக்காரரிடம் இறால் வாங்கி ஆக்கித் தின்போம். அந்த நேரங்களில் சந்தோசமாகத்தான் இருந்தோம்.

படுவான்கரையில் வயல்வட்டையை ஒட்டி ஒரு கல்வீடு மலிவாகக் கிடைத்தது. உள்ளே போனால் பின்சுவரே இல்லை. நெல் மூட்டைக்காக யானை அதை இடித்து, குறுக்கே ஓடிவந்த ஆளை மிதித்துக் கொன்றிருந்தது. "அது போன போகம் கா, இப்ப வாறல்ல" என்றார் வீட்டுக்காரர். அங்கிருந்து அமிர்தகழிக்குப் போனோம். அறை நல்ல அறை, வாவிக்காற்று அள்ளிக்கொண்டு போனது. அடுப்புப் பற்றவைக்குமுன் பக்கத்து வளவில் இரண்டு சகோதரர்கள் வேலித் தகராறில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். ஒருவரின் காது தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டில் உறைந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டே கணவர் கேட்டார்: "நாம வீடு தேடுறமா, அடிபிடி பாக்கத் திரியிறமா?" சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

தன்னாமுனையில் மனதுக்குப் பிடித்துப்போனது. தனியாக இருந்த ஒரு கத்தோலிக்க அம்மா, வீட்டின் பின்பாதியை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார்.

"உனக்குச் சீதன வீடு இல்லையா மகள்?"

"இருக்கு அம்மா."

"மறுகா ஏன் இஞ்ச?"

பல்லைக் காட்டிச் சமாளித்தேன். அன்று பகலில் கணவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டார். கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. இதுதான் இடம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பின்னேரம் அண்ணன் வந்து நின்றார். மற்ற ஓட்டோக்காரர்களிடம் விசாரித்து வந்திருக்கிறார். கையில் கொட்டன் தடி. "எனக்குச் சோறாக்கிற பிள்ளைய இழுத்துக்கொண்டு ஓடிவந்தனியோடா?" என்றார். முதலில் ஓட்டோவின் முன்கண்ணாடி போனது. அடுத்து கணவரின் தோள். அடுத்து தலை. வீட்டுக்கார அம்மா "யேசுவே, யேசுவே" என்று கத்தினார். கணவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மண்ணில் குந்தியிருந்தார், அடிக்கிறவருக்கு வசதியாக.

ஓட்டோ சீட்டுக்கடியில் கிடந்த டயர் கழற்றுகிற இரும்பை எடுத்தேன். முதல் அடி அண்ணனின் முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கி விழுந்தார். விழுந்தவரையும் அடித்தேன். பொய் சொல்வானேன், நன்றாக இருந்தது. தலையில் இறக்குவதற்கு ஓங்கியபோது பின்னாலிருந்து கணவர் கட்டிப்பிடித்து இழுத்தார். "விடுங்க!" என்று திமிறினேன். அவர் விடவில்லை. இழுபறியில் இரும்பு அவர் வாயில் பட்டு முன்பல் ஒன்று கழன்று விழுந்தது.

அண்ணன் மண்ணில் கிடந்து அழுதார். "நான் எங்க போற தங்கச்சி? எனக்கெண்டு ஒரு வீடிருக்கா?"

இல்லைதான். அது எனக்கும் தெரியும். "எங்கயும் போ. என்ட வீட்டுப் படியேறினா மத்தக் கையையும் முறிப்பன்" என்றேன். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பிறகு நாங்கள் களுதாவளைக்கே திரும்பிவிட்டோம். சொந்த வீடிருக்க நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்? கட்டுப்போட்ட கையோடு அண்ணன் ஏதோ கடையின் பின்பக்கத்தில் படுத்துக்கொள்கிறார் என்று கேள்வி. அரிசி அளக்கும்போது இன்னும் அவருக்கும் சேர்த்தே கை அளக்கிறது. ஆனாலும் கேற்றுக்குப் பூட்டுப் போட்டேதான் வைத்திருக்கிறேன். என் வீட்டில் இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை.

நேற்று மத்தியானம் கறிக்கு உப்புப் போதவில்லை. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று, மேல்தட்டில் இருந்த உப்புப் போத்தலை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவர் சோற்றுக் கையோடு தலையை மூடிக்கொண்டார்.

நான் கையைக் கீழே விட்டேன். "உப்புத்தான் எடுக்கன்" என்றேன். "ஓம், ஓம், எடு" என்றார். முடியில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தட்டிவிட்டு, முதுகு சுவரில் முட்டும்வரை மெல்லப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் சாப்பிடத் தொடங்கினார்.