சீரியஸ் என்றால்

சங்கரன்கோவில் ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன். பீகாரிலிருந்து வந்திறங்கிய பெரியவர் ஒருவர் உருதுவில் பேச்சுக் கொடுக்கிறார். மகன் வேலை பார்க்கும் மில்லிலிருந்து வந்த போனில் அவருக்குப் பிடிபட்டது, மகன் பெயரும் ‘சீரியஸ்’ என்ற சொல்லும்தான். ஹைதராபாத்தில் கற்ற உருதுவில், “உடம்பு ரொம்ப மோசம்” என்று பொருள் சொல்கிறேன். உயிர் இருக்கிறதே என்று முகம் தெளிந்து, மகனுக்கு ஆரஞ்சு வாங்குகிறார்.

அவரை அழைத்துப்போக மில் அனுப்பிய ஆட்டோக்காரர் என்னைத் தனியே கூப்பிடுகிறார்.

“அண்ணாச்சி, மில்லுலேர்ந்து போன் போட்ட அன்னைக்கே பையன் இறந்துட்டான். சாவை நாங்க போன்ல சொல்ல மாட்டோம்லா. சீரியஸ்னுதான் சொல்லுவோம். அப்பந்தான் மனுசன் ஊர் வந்து சேருவான்.”

திரும்பி வருகிறேன். ஆட்டோவில், ஆரஞ்சுப் பையை மடியில் வைத்தபடி பெரியவர் கேட்கிறார்: “என்ன சொல்கிறார்?”

“சீரியஸாம்” என்கிறேன்.