கிணற்றடியில் கிடந்த எஞ்சின்

எனக்கு ஒரு ஜீப் இருந்தது. அதற்கு எஞ்சின் இருக்கவில்லை. என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "அவரிட்டை வண்டி இருக்கு, ஓடத்தான் மாட்டுது" என்று கோயில் வாசலில் வைத்து ஒருத்தியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவளோடு பேசவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. உலக யுத்தக் காலத்தில் பலாலியில் வெள்ளைக்காரரின் படை ஓட்டிய ஜீப்புகளும் லொறிகளும் பிறகு ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி, கடைசியில் பழைய இரும்பாகக் குடாநாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அச்சுவேலியில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஒருவரின் வளவில், எருக்கலைப் பற்றைக்குள் ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கண்ட நாளில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மருதனார்மடத்தில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. வேலை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மிச்ச உறுப்புகளைத் தேடப் போய்விடுவேன். எஞ்சினை மூடும் முன்மூடி ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாக நின்றது. கண்ணாடிச் சட்டம் ஒரு குசினிக்கு யன்னலாகியிருந்தது. சக்கரங்களில் இரண்டு மாட்டுவண்டிலில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வண்டிலுக்குப் பின்னால் சைக்கிள் உழக்கிப் போய், வண்டில்காரரை வழிமறித்துக் கெஞ்சி வாங்கினேன். இப்படியே மூன்று வருடம் போனது.

எஞ்சின் மட்டும் வாய்க்கவில்லை. அடிச்சட்டத்தோடு வியாபாரி தந்த பழைய பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருந்தது. அதே இலக்கமுள்ள எஞ்சின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேறொன்றைப் பூட்டினால் பதிவுக் கந்தோரில் இழுபட வேண்டும் என்று வெளியே காரணம் சொன்னேன். உண்மையில் அது வெறும் பிடிவாதம். கடைசியில் அந்த இலக்கத்தை நான் கண்டது சண்டிலிப்பாயில், ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில். ஓலைக் கொட்டிலுக்குள், சீமெந்து மேடையில் பூட்டி, இரு நுனியையும் பொருத்திய ஒரு நீண்ட பெல்ற்றால் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அது ஒரு பெண்ணின் தோட்டம். புருசனுக்குத் தென்பகுதியில் கடை; வருடத்தில் இரண்டு தரம் வந்து போவார். தோட்டம் முழுக்க அந்தப் பெண்ணின் கைதான். மண்வெட்டி இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. என்னிலும் மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன்.

கிணறு நாலு பேருக்குப் பங்கு; எஞ்சினும் பம்பும் அக்காவுடையவை, மற்ற மூவரும் கையால் இறைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை; விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை தண்ணீர் அந்த முறைக்காரருடையது. முறை தவறினால் தவறினதுதான், அடுத்த நாள் அடுத்தவருடையது. அக்காவுக்கு அடுத்த முறைக்காரன் வேலிக்கு அப்பால் இருந்தான். எல்லை வேலியை அரை அடி தள்ளி அடைத்துவிட்டான் என்ற வழக்கில் அவனோடு அக்காவுக்கு ஆறு வருடமாகக் கதை பேச்சில்லை.

நான் விட்டேனா? மூன்று சனிக்கிழமை அங்கே போய் நின்றேன்.

"அக்கா, இது பெரிய எஞ்சின். தேவைக்கு மிஞ்சி எண்ணெய் குடிக்குது. இதை எனக்குத் தாங்கோ, நான் உங்களுக்குச் சின்ன மண்ணெண்ணெய் எஞ்சின் ஒண்டு கொண்டுவந்து பூட்டித் தாறன்."

"எப்ப?"

"மூண்டு நாளிலை."

"இண்டைக்கு இறைச்சிட்டன். நாலாம் நாள் திரும்ப என்ரை முறை. வெங்காயம் திரளுற நேரம், தம்பி. ஒரு முறை தவறினால் எட்டு நாள் தண்ணியில்லாமல் நிக்கும். இந்த வெய்யிலுக்குத் தாங்காது."

"நாலாம் நாள் விடிய உங்கடை கிணத்தடியிலை எஞ்சின் நிக்கும். நம்புங்கோ."

அவர் நம்பினார்; அன்றே எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து வெங்காயம் வருவதை அரசாங்கம் நிறுத்தி, உள்ளூர் வெங்காயத்துக்கு நல்ல விலை வந்த காலம் அது. அந்த ஒரு போகம்தான் அவருடைய அந்த வருடம் முழுவதும். அதை அறிந்துகொண்டுதான் சொன்னேன். அச்சுவேலி வியாபாரியிடம் சின்ன எஞ்சின் ஒன்று இருந்தது. நாலாம் நாள் காலை வந்து எடுப்பதாகப் பேசி வைத்திருந்தேன்.

அந்த மூன்று நாளும் கந்தோருக்கு லீவு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, ஜீப்புக்குள் இறக்கி, எப்போதோ எடுத்து வைத்த ரேடியேற்றருக்கு ஓட்டை அடைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் பின்னேரம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிட்டுக்குக் குழைத்த மாவும் கையுமாக மனைவி வெளியே ஓடிவந்து, "உண்மையாவே ஓடுதப்பா!" என்றாள். அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றும் வந்ததில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள் விடியவே அச்சுவேலிக்குப் போனேன். வியாபாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அது நேற்றே போயிட்டுது, தம்பி. ஒராள் வந்து கையோடை கொண்டுபோயிட்டார்."

"எனக்கெண்டு சொல்லி வைச்சதெல்லே!"

"சொன்னனீர்தான். நீர் வருவீரோ மாட்டீரோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பேசினேன். பேசியென்ன, எஞ்சின் வந்துவிடுமா? வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத நாட்கள். வெய்யில் ஏறிவிட்டது. அக்காவின் நாள் என் கையில் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் யோசனை வந்தது: பம்பும் பெல்ற்றும் இன்னும் கிணற்றடியில்தான் இருக்கின்றன. சுற்றுவதற்குத்தான் ஒன்று வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஜீப்பை எடுத்தேன். மூன்று வருடம் கனவு கண்ட முதல் ஓட்டம் அது. பதிவு இன்னும் என் பெயருக்கு மாறவில்லை, பிரேக் அரைகுறை. வழியில் யார் பார்த்தார்கள், யார் கைகாட்டினார்கள் என்று எதுவும் நினைவில்லை.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா வேலியோரம் நின்றார். விடியற்காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எஞ்சின் எங்கை?"

நான் ஜீப்பைக் காட்டினேன். வாசல் படலையால் ஜீப் நுழையாது. அவர் கத்தியை எடுத்து, நான் வந்த ஒழுங்கைப் பக்கத்து வேலியின் கட்டுகளைத் தானே வெட்டி, பனை மட்டைகளைப் பிடுங்கி வழி திறந்தார். எங்கள் ஊரில் வேலியில் கை வைப்பது சின்ன விசயமல்ல. தன் வேலியைத் தானே வெட்டிய இன்னொருவரை நான் கண்டதில்லை.

பின்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்து உயர்த்தி, ரயரைக் கழற்றி, வெறும் விளிம்பில் பெல்ற்றை மாட்டினேன். கியரைப் போட்டதும் பம்பு இழுத்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. அக்கா மண்வெட்டியோடு ஓடி ஓடி, வாய்க்காலை வெட்டித் திருப்பிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அரை மணித்தியாலம் தாண்டவில்லை, ரேடியேற்றர் கொதித்தது. கிணற்றடியில் பூட்டியிருந்தபோது ஒரு குழாயால் கிணற்றுத் தண்ணீரே எஞ்சினுக்குள் ஓடி அதைக் குளிர்த்தியிருந்தது. அதை நானே கழற்றி எறிந்துவிட்டேன். நின்ற இடத்தில் ஓடும் ஜீப்புக்குக் காற்றும் இல்லை. நிற்பாட்டினேன். ஆறவிட்டேன். திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு தரமும் முந்தியதைவிடக் கெதியாகக் கொதித்தது. மூன்றாம் தரம் ஆவி பறக்க, அக்கா ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஊத்தாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் அவர் திடுக்கிட்டு நின்றார். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் என்று விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். மேற்குப் பக்கத்துப் பாத்திகள் இன்னும் காய்ந்துதான் கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு சூரியனைப் பார்த்தார்.

மூன்று மணிபோல நாலாம் தரம் ஓடவிட்டபோது அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று ஒரே சீராக ஒரு தட்டல். உள்ளே பெயாரிங் தேய்ந்து போகிறது என்று நினைத்தேன். இன்னும் ஓடினால் எஞ்சின் முடிந்தது. அந்த இலக்கத்தில் உலகத்தில் வேறொன்று கிடையாது. ஒரு பக்கம் அது, மறுபக்கம் மேற்குப் பாத்திகள். கையைப் போட்டு நிற்பாட்டினேன்.

"என்ன தம்பி?"

"செத்துப்போச்சு, அக்கா. இனி ஸ்ராட் ஆகாது."

பொய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஓடும், ஆனால் ஓட்ட எனக்கு மனமில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கயிறும் வாளியும் எடுத்துவந்தார்.

கையால் இறைத்தோம். நான் இழுக்க அவர் கொண்டுபோய் ஊற்றினார். பிறகு அவர் இழுக்க நான் ஓடினேன். பழக்கமில்லாத என் கை கொப்புளித்து உரிந்தது. அது நோக நோக எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஜீப் எங்கள் இருவருக்கும் நடுவே ஆறிக்கொண்டு நின்றது. பாதிப் பாத்தி நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் கயிற்றைச் சுருட்டினார். நான் பெல்ற்றைக் கழற்றி, ரயரைத் திரும்பப் பூட்டி, ஜாக்கியை இறக்கினேன்.

"உந்த வண்டியைத் தள்ள எங்கள் ரண்டு பேராலை ஏலாது" என்றார் அக்கா. "விடியவே வேலிக்கு அங்காலை இருக்கிற உவன் இறைக்க வந்திடுவான். உவன்ரை வாய்க்காலிலை வண்டி நிண்டால் சும்மா விடமாட்டான், உடைச்சுப் போடுவான். நீங்கள் பாடுபட்டுச் செய்த சாமான். நில்லுங்கோ, நான் போய் உவனிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தார். ஆறு வருடம் முகம் பார்க்காத மனிதனிடம், என் ஜீப்புக்காகக் கெஞ்சப் போகிறார். அவர் எல்லை வேலிக்குக் கிட்டப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏறி உட்கார்ந்து ஸ்ராட்டரை மிதித்தேன். முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் நின்றார். திரும்பி வர நேரம் எடுத்தது. ஜீப்பின் அருகே வந்து, ஓடுகிற எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பெல்ற்றை மாட்டுறன், அக்கா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "மிச்சத்துக்கும் இறைச்சு விடுறன்."

"பொழுது பட்டிட்டுது, தம்பி. இனித் தண்ணி என்ரையில்லை."

ஜீப்பைப் பாத்திகளுக்கு நடுவே மெதுவாக எடுத்து, அவர் திறந்த வேலியால் வெளியே போனேன். அவர் பின்னால் வந்து மட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார்.

அடுத்த முறைக்கு முதல் நாள் ஒரு நெல் ஆலைக்காரரைக் கும்பிட்டுக் கேட்டு ஒரு சின்ன எஞ்சின் வாங்கி, அதே சீமெந்து மேடையில் பூட்டினேன். மேற்குப் பாத்திகள் அதற்குள் மஞ்சளித்துச் சரிந்திருந்தன. விடியற்காலை அக்காவுக்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டு, பழைய பெல்ற்றை ஏற்றினேன். தண்ணீர் வந்தது. கூடவே டக், டக், டக் என்று ஒரே சீராக அந்தத் தட்டலும் வந்தது.

நான் சிலையாக நின்றதை அவர் கண்டிருக்க வேண்டும்.

"அது பெல்ற்றின்ரை பொருத்து" என்றார். "தண்ணி பட்டால் இளகி அடிக்கும். எத்தினை வருசமாய்க் கேக்கிறன்." பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "அண்டைக்கு அதுக்குத்தான் நிப்பாட்டினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் மாறப் போனார்.