என் கையெழுத்தில் ஒரு ஸ்தோத்திரம்

கருங்கல் ஊர்ச் சந்தையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் விரித்திருந்த நனைந்த சாக்கின்மேல் என் அம்மா வலது காலை வைத்தாள். சாக்குக்குக் கீழே தரை இல்லை. எழுத இரண்டே வரிதான். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. இந்த இரண்டு வரியைப் பல்லைக் கடிக்காமல் இன்னும் என்னால் சொல்ல முடிவதில்லை.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற வாரம். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற எனக்கு யூனிபாரம் துணி எடுக்க வந்திருந்தோம். கடைக்காரர் தன் கடைத் தண்ணீர் வெளியே போவதற்குக் குழாய் பதிக்கிறார். வாசலை ஒட்டி ஓடும் ஓடையின் கல்மூடியைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார். வேலையாட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். குழி தெரிந்தால் ஆள் ஏறாது. அதனால் இரண்டு கம்பைக் குறுக்கே வைத்து, கால் துடைக்கிற சாக்கை அதன்மேல் விரித்துவிட்டார். நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் குனிகிறார். நான்கு மூலையையும் இழுக்கிறார். சுருக்கம் நீவுகிறார். நிமிர்ந்து பார்த்துத் திருப்திப்படுகிறார். பிறகு உள்ளே போய் முழம் போடுகிறார்.

அம்மா தொடைவரை இறங்கினாள். மரச்சீனிக் கிழங்குச் செடியின் பச்சைக் கம்பை முறித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. அவள் கையைப் பிடித்திருந்த நானும் கூடவே குப்புற விழுந்தேன். என் முகம் சாக்கில் அழுந்தியது. சாக்கில் புதுத்துணிக் கஞ்சி வாசம் அடித்தது.

கடைக்காரர் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, “பாத்து வரப்பிடாதா?”

இரண்டு பேர் அம்மாவைத் தூக்கிக் கடைப் பலகையில் கிடத்தினார்கள். கார் பிடிக்க ஆள் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கடைப் பையன்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, சாக்கை உருவி எடுத்து, கல்மூடியைத் தள்ளிக் குழியை அடைத்தார் அவர். வாசலோரம் வாழைக்குலை விற்கிற அக்கா எழுந்து நின்று கத்தினாள்.

“ஓய் மொதலாளி, ஆளு செத்தாளா பெழச்சாளான்னு பாக்காம கல்லையா மூடுகீரு?”

“நீ ஒனக்க குலையப் பாருட்டி.”

கல் பொருந்திய பிறகுதான் கார் வந்தது.

அப்பா இறந்து அப்போது மூன்று வருடம். அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போனாள். சரிவான தோட்டத்தில் முந்நூறு மரம். ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு ஏறவோ இறங்கவோ வேண்டும். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து, கட்டு பிரித்தபோது அந்தக் கால் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. தோட்டக்காரர் அதற்குள் மரங்களை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பால் காத்திருக்காது.

ஜவுளிக்கடைக்காரர் எங்கள் சபைதான். கமிட்டியில் இருந்தார்; கோயிலில் முன்வரிசையில் உட்காருவார். அம்மா கட்டோடு வீடு திரும்பிய இரண்டாம் நாள் ரொட்டியும் ஆரஞ்சுமாக வீட்டுக்கு வந்தார். கட்டிலோரம் முழங்காலில் நின்று, குரல் நடுங்க, “பெரிய ஆபத்துக்கு விலக்கி இந்தச் சகோதரியைக் காத்தீரே” என்று நீளமாக ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நான் களவாகத் திறந்து பார்த்தேன். அம்மா மூடவில்லை. அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவர் போனதும் தன் தம்பியிடம், என் மாமாவிடம், சொன்னாள்.

“ஆபத்து வந்துதாம்லே. நடந்து வந்து கேறிச்சா அது? கூட்டிட்டு வந்தது ஆரு?”

“கேசு குடுப்போம் அக்கா. துட்டு வாங்காம விடப்பிடாது.”

“துட்டு கெடந்துட்டுப் போட்டு. குழி எனக்க குழிதான்னு அவருக்க வாயால நாலுபேரு முன்ன சொல்லணும். எனக்கு அது போரும்.”

இதற்கு நடுவே நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோயிலோ விபத்திலோ தப்பினவர்கள் காணிக்கையோடு ஒரு சீட்டு எழுதிப் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை வாசிப்பார். அந்தச் சீட்டுகளுக்கென்று ஒரு நடை இருந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு தன்னை மட்டம் தட்டி எழுதுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு கேட்க இனிக்கும். பாம்பு கடித்தவன், தகுதியில்லாத அடியேன் என்று எழுதினான். பாம்புக்கு ஒரு வசை கிடையாது. மாடியிலிருந்து பிள்ளை விழுந்தவள், பாவியாகிய என் அஜாக்கிரதையால் என்று எழுதினாள். மாடிக்குக் கைப்பிடி கட்டாதவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. நான் இந்தச் சொற்களை, வேறு பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதுபோலச் சேர்த்து வைத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் நான்.

“உயிரு கெடச்சுதேன்னு ஒரு சீட்டு எழுதிப் போடு மக்கா” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். மாத்திரையின் மயக்கத்தில் தூங்கியும் போனாள்.

நான் கோடு போட்ட தாளைக் கிழித்து, மசிப்பேனாவில், அம்மாவே எழுதுவதுபோல எழுதினேன். “கருங்கல் சந்தையில் என் கவனக்குறைவால் கால் தவறி விழுந்த அபாத்திரியாகிய என்னைக் கைவிடாமல் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” கீழே அவள் பெயர். ‘கவனக்குறைவு’ நாலாம் வகுப்புப் பாடத்தில் வந்த சொல். எங்காவது அதைப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு வருட ஆசை.

அந்த ஞாயிறு மாமா அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருந்துவிட்டார். போதகர் வாசித்தார். என் சொற்கள் கோயில் முகட்டில் மோதித் திரும்பின. என் உடம்பெல்லாம் கூசியது, சந்தோஷத்தில். முன்வரிசையில் ஒரு தலை மெதுவாகத் திரும்பியது.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது கடைக்காரர் என் தலையில் கைவைத்தார். “சீட்டு நீ எழுதினதா மக்கா? எழுத்து கொள்ளாமே, நல்லாருக்கே!” சட்டைப் பையிலிருந்து இரண்டு மிட்டாய் எடுத்துத் தந்தார். நான் வாங்கினேன். தின்றேன். ஒன்றை அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே.

அந்தச் சீட்டு கமிட்டிப் பெட்டியிலிருந்து எப்போது அவர் கைக்குப் போனது என்று தெரியாது. இரண்டு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது, எதிர்த்தரப்புக் காகிதக்கட்டில் அது இருந்தது. எங்கள் வக்கீல் தன் அறையில் அதன் நகலை நீட்டினார். மாமா வாசித்தார். என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, நீயா எழுதின இத? ஒனக்க அம்மைக்க காலு போச்சு, ஒனக்கு எழுத்து அழகாட்டு வரணும், இல்லியா?”

“பிள்ளய ஏசாதலே” என்றாள் அம்மா. வாங்கி வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

வக்கீல் பதறவில்லை. “ஒண்ணும் மோசமில்ல. புள்ள தன் இஷ்டத்துக்கு எழுதிச்சு, நான் வாசிக்கல்லன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்கம்மா. அப்ப இது உங்க வார்த்தையில்ல, வெறும் தாளு. என்ன, அந்த வக்கீலு புள்ளயக் கூண்டுல ஏத்துவாரு. கொஞ்சம் குடைவாரு. ஒரு அரமணிக்கூறு. தாங்கிரும்.”

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: என் சீட்டுக்குக் கோர்ட்டில் எண் போட்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் யாருடைய எழுத்துக்கு எண் போட்டிருக்கிறது?

விசாரணை நாளன்று இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாகப் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டுப்போல மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் வாழைக்குலை விற்கிற அக்காவைக் கூப்பிட்டார்கள். கல்லை மூடியதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எதிர்த்தரப்பு வக்கீல் மெல்லிய குரல்காரர். கோபமே படாமல் கேட்டார்.

“நீ வாழக்குல விக்கிறவளா, இன்ஜினியரா?”

ஜனம் சிரித்தது.

“வாசல்ல இருந்து குலையை எடுக்கச் சொல்லி மொதலாளி உன்ன ஏசினது உண்டா இல்லியா?”

“உண்டு, ஆனா...”

“ஆனா வேண்டாம். உண்டா இல்லியா?”

“உண்டு.”

“அந்த விரோதத்துல இல்லாத குழியச் சொல்லுக. அப்பிடித்தானே?”

“இருந்துதுய்யா, எனக்க ரெண்டு கண்ணால...”

“ஒன் புருசன் ஒன்ன விட்டுப் போனதும் உன் நாக்கு கொண்டுதானே?”

இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அல்லது கேட்டார்கள், தாமதமாக. அதற்குள் அந்த அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். சந்தையில் மொத்த வியாபாரிகளையே விரட்டுகிறவள் அவள். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகியது. ரிப்பன் அவிழ்ந்திருக்குமோ என்று நான் கையை உருவிக்கொண்டு பின்னலைச் சரிசெய்தேன்.

அடுத்தது அம்மா. கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தாள். குறைந்த காலை ஊன்ற முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றாள். குழி, சாக்கு, கம்பு எல்லாம் தெளிவாகச் சொன்னாள். எங்கள் வக்கீலின் முகம் மலர்ந்திருந்தது. கடைக்காரர் பெஞ்சில் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த ஒரு கால்மணி நேரம், உலகத்தில் குழி வெட்டினவனுக்கு ஒரு கணக்கு உண்டு என்று தோன்றியது.

அப்புறம் மெல்லிய குரல் எழுந்தது. சீட்டைக் காட்டியது.

“இது யாரு எழுத்து?”

“எனக்க மகளுக்க எழுத்து.”

“வார்த்த?”

மாமா முன்னால் சாய்ந்து தலையசைத்தார், சொல்லு சொல்லு என்று. நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். என்னைக் கூப்பிடப் போகிறார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். தயார் என்று.

“நான் சொல்லிக் குடுத்தது” என்றாள்.

“என் கவனக்குறைவால்ங்கிறது?”

“அதுவும் நான் சொன்னதுதான்.”

“அப்போ தப்பு யாருக்குள்ளது?”

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபத்தில் மூடுவதுபோலவே.

“எனக்குள்ளது” என்றாள் அம்மா.

வழக்கு தள்ளுபடியானது. அந்தச் சீட்டை நாலு பேர் முன்னால் தன் வாயால் அவள் உறுதிப்படுத்திவிட்டாள், வேறென்ன ஆகும்? பிற்காலத்தில் வக்கீலான ஒரு தோழி சொன்னாள், நடைவழியில் குழி வெட்டுகிறவன்தான் அதற்குக் காவல் வைக்க வேண்டும், பாவப்பட்ட ஜனம் கடவுளுக்கு எழுதுகிற நன்றிச்சீட்டெல்லாம் அவனுடைய பொறுப்பைக் கழித்துவிடாது என்று. சட்டத்தில் இடம் இருந்திருக்கிறது. ஆனால் மடக்கிக் கேட்கிறவன் முன் ஒரு பிள்ளையை நிறுத்தித்தான் அந்த இடத்துக்குப் போக முடியும் என்றால், அது என்ன சட்டம், அது என்ன இடம். கடைக்காரர் எண்பது தாண்டி, பேரப்பிள்ளைகள் சூழ, மெத்தையில் செத்தார். அவருடைய கல்லறையில் ‘நீதிமான்’ என்று வெட்டியிருக்கிறார்கள்.

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மாமா வெடித்தார். “ஏன் அக்கா இப்பிடிச் செய்த? கைக்கு வந்ததில்லியா?”

“நாப்பது வயசுக்காரிய நிக்க வச்சு அழ வச்சான், பாத்தியாலே.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. பஸ் வருகு, கையக் காட்டு.”

நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கடவுள் அறிய என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறாள் என் அம்மா. அதுவும் என் சொற்களைத் தன் சொற்கள் என்று. என் முறையையும் பறித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக நொண்டிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தவள், என்ன கேட்டு நடந்தாளோ அதையே தன் கையால் தூக்கிப் போட்டாள் என்பது என் கணக்கிலேயே வரவில்லை. பொய் என்ற ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினோரு வயது, பத்துக் கட்டளையும் மனப்பாடம்.

அன்று சாயங்காலம் வீட்டு ஜெபம். ஆளுக்கொரு நாள் முறை வைத்து ஜெபிப்போம். அன்று என் நாள். அம்மாவால் முழங்காலிட முடியாது. நீட்டின காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணை மூடி, கைகூப்பி, அவள் காதில் நன்றாக விழவேண்டும் என்று குரலை உயர்த்தி ஜெபித்தேன். “சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்ன என் அம்மாவை மன்னியும் ஆண்டவரே. அவள் நரகத்துக்குப் போகாமல் காத்துக்கொள்ளும்.”

ஒரு சொல்லும் விடாமல் கேட்டிருந்து, அம்மா, “ஆமேன்” என்றாள்.