முறிச்சுப் பார்க்காத வெண்டிக்காய்

கருவாடும் பழுத்த டூரியனும் ஈரக் காட்போட் பெட்டியும் கலந்த ஒரு மணம்... ஸ்ட்ராத்ஃபீல்டில நாங்கள் போற ஏசியன் குரோசரிக் கதவு திறந்தா அதுதான் முதல்ல முகத்தில அடிக்கும். நான் மூக்கைப் பொத்துவன். அம்மா நல்லா மூச்சை இழுத்து விடுவா.

அப்ப நான் இயர் டென். ஆஸ்திரேலியா வந்து ரெண்டு வருசம். சனிக்கிழமை எண்டா அம்மாக்கு அந்தக் கடைதான் திருவிழா. கறிக்குப் போடுற றம்பை இலை இருக்கு, கங்குன் கீரை இருக்கு, வாழைப்பூ இருக்கு, ஃபிறீசருக்குள்ள முருங்கைக்காய்கூட இருக்கு... "இஞ்ச பாரடி, இதுவும் வந்திருக்கு" எண்டு சொந்தக்காரரைக் கண்டமாதிரிச் சந்தோசப்படுவா.

வெண்டிக்காய்க்குக் கிட்டப் போனாத்தான் நான் மெல்லப் பின்னுக்கு நகருவன்.

அம்மா ஒவ்வொரு காயா எடுத்து நுனியை முறிச்சுப் பார்ப்பா. டக்கெண்டு முறிஞ்சா பிஞ்சு, பைக்குள்ள போகும். வளைஞ்சா முத்தல், திரும்பப் பெட்டிக்குள்ள. எங்கட ஊரில ஆரும் முறிக்காமல் வெண்டிக்காய் வாங்கினதை நான் காணேல்லை. ஆனா இஞ்ச பெட்டிக்கு மேல, முறிக்கவேண்டாம் எண்டு பெரிய இங்கிலிஷ் எழுத்தில போர்ட் இருந்தது. நான் அதை அம்மாக்கு வாசிச்சுச் சொன்னதே இல்லை. சொல்லவும் வெக்கம், பக்கத்தில நிக்கவும் வெக்கம்.

ஒருநாள் கடைக்காரப் பொம்பிளை வந்து போர்டைக் காட்டிக் காட்டிப் பேசத் தொடங்கினா. நுனி வளைஞ்ச முத்தல் எல்லாத்தையும் அள்ளி அம்மாவின்ர கூடைக்குள்ள போட்டா. அம்மா சிரிச்சுச் சமாளிச்சபடி என்னைத்தான் தேடினவ... என்ன சொல்லுறாவெண்டு கேக்க.

நான் ரெண்டடி தள்ளி நூடில்ஸ் அடுக்கியிருந்த பக்கம் நிண்டனான். எனக்குப் பக்கத்தில என்ர கிளாஸ் பிள்ளை ஒருத்தி. அவள் மெல்லக் கேட்டாள், "இஸ் தட் யுவர் மம்?"

"நோ" எண்டனான்.

அந்தளவு இங்கிலிஷ் அம்மாக்கு விளங்கும்.

சீ... இப்ப எழுதேக்கயும் எனக்குக் காது சுடுது.

அம்மா போய்க் காசைக் குடுத்தா. முத்தலையும் வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால பத்தடி விட்டுத்தான் நடந்தவ. டிரெயினிலயும் வேற சீற்றில இருந்தா. கோவமெண்டு நினைச்சனான். அந்தப் பிள்ளை எங்களைச் சேர்த்துக் கண்டிடக்கூடாதெண்டு தள்ளி வந்தவ எண்டு விளங்க எனக்குக் கன வருசம் எடுத்தது.

இப்ப எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிற கிரவீனில இருக்கிறம், அம்மா எங்களோடதான். வீட்டுக்குக் கிட்டவே எங்கட சாமான் எல்லாம் கிடைக்குது. அம்மா இப்பவும் வெண்டிக்காய் வாங்குவா. ஆனா முறிக்கிறேல்லை. பார்க்காமல் அள்ளிப் போடுவா. வீட்டில நறுக்கேக்க பாதி முத்தல், அதுகளைக் குப்பைக்குள்ள போடுவா. ஒஃபிசில எனக்குப் பெரிய வாய் எண்டு பேர். அம்மாட்ட மன்னிப்புக் கேக்க மட்டும் இந்த வாய் இண்டுவரைக்கும் திறக்கேல்லை.

போன சனிக்கிழமை கடையில வேணுமெண்டே ஒரு காயை எடுத்து நுனியை முறிச்சன். "அம்மா, இது நல்ல பிஞ்சு. நீங்களும் முறிச்சுப் பாருங்கோ" எண்டன்.

அம்மா சுத்திவரப் பார்த்தா. என்ர கையில இருந்த காயைப் பறிச்சுத் தன்ர பைக்குள்ள போட்டா.

"நீ அங்கால போய் நில்லு பிள்ளை" எண்டா. "ஆரும் கேட்டா நான்தான் முறிச்சனான் எண்டு சொல்லுறன்."