பூட்டுக்காரர் போட்ட அவசரக் கையெழுத்து

பேத்தி பிறந்த சேதி வந்ததிலிருந்து பூட்டுக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. சாவி வெட்ட வந்தவர்களிடமெல்லாம் செல்போனில் குழந்தையின் படத்தைக் காட்டினார். சாவியைக் கொடுக்கத்தான் மறந்துபோனார்.

மகள் இருப்பது வெளிநாட்டில். போய்க் குழந்தையைத் தூக்க விசா வேண்டும். பயணச் செலவு தன்னுடையது என்று அவர் எழுதித்தரும் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு, இன்று மதியத்துக்குள் விசா அலுவலகம் போய்ச் சேர வேண்டும். தவறினால், அவர் போவதற்குள் பேத்தி நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

மனைவியோடு நோட்டரி அம்மாவின் மாடி அறைக்கு மூச்சிரைக்க ஏறி, பத்திரத்தை நீட்டினார்.

"கையெழுத்து ஏற்கெனவே இருக்கே?" என்றார் நோட்டரி.

"உங்களுக்கு வேலை மிச்சம்னு காலையிலயே வீட்ல போட்டுட்டேன் மேடம்."

"என் வேலையே அதுதானேய்யா. நீங்கதான் போட்டீங்கன்னு நான் கண்ணால பாக்கணும். பாக்காததுக்கு முத்திரை குத்த மாட்டேன்."

"பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே போட்டாரு. நான் பாத்தேன் மேடம்," என்றாள் மனைவி.

"அப்ப முத்திரை உங்க கையில இருந்திருக்கணும்மா."

விழுந்தடித்துக் கீழே ஓடி, டைப் கடையில் புதிதாக அடித்து வந்தார்கள். இந்த மனிதரை நம்ப முடியாதென்று மனைவி இரண்டு பிரதியாக வாங்கியிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று. பேனாவைப் பிடித்தபடியே மறு கையிலிருந்த செல்போனில் பேத்தியின் படத்தைப் பார்த்ததும் பூட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையெழுத்து கோணல்மாணலாக ஓடியது.

"அடையாள அட்டையில இருக்கறதோட ஒத்துப் போகலையே," என்றார் நோட்டரி.

"கோழி கிளறின மாதிரி இருக்கு. போனை இங்க கொடுங்க," என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். "பூட்டுக்குள்ள கம்பி விடறதா நெனச்சுக்கிட்டுப் போடுங்க."

மூச்சை அடக்கி, இரண்டாவது பிரதியில் போட்டார். அச்சு அசலாக அட்டையில் இருந்த அதே கையெழுத்து. முத்திரை 'தட்'டென்று விழுந்தது.

கட்டணம் சுவரிலேயே எழுதியிருந்தது. பூட்டுக்காரர் இரண்டு மடங்காக நீட்டினார். நோட்டரி பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"போர்டுல உள்ளதுதான். சந்தோஷத்துக்குத் தனி ரேட் கிடையாது."

"அப்ப அந்தக் காசுக்கு இன்னொண்ணு குத்துங்க மேடம். பாப்பா மூக்கு என் மூக்குதான்னு. இவ ஒத்துக்க மாட்டேங்கிறா."

"எங்கப்பா மூக்கு மேடம் அது," என்றாள் மனைவி.

நோட்டரி படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ரெண்டு மூக்கையும் நேர்ல பாக்காம குத்த முடியாதேய்யா. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வரேன்," என்று அவர் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினார்.

"ஏங்க, பத்திரம்," என்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் மனைவி.