டயானா வேலையை ஒப்படைத்த வாரம்

இது நிஜமாக நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் மதுரை விளாங்குடி வரை போய் விசாரிக்கலாம். பதில் கிடைக்காது, அது வேறு விஷயம். அந்தக் கம்பெனியில் உண்மை பேசும் பழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை.

திண்டுக்கல் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஐடி கம்பெனி. இணையதளத்தில் பார்த்தால் கண்ணாடிக் கட்டடம், வாய் நிறையச் சிரிக்கும் வெள்ளைக்காரர்கள். நேரில் போனால் ஒரு ஹால், ஒழுகுகிற ஏசி, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மேனேஜர் சூரியபிரகாஷ் யாரைப் பார்த்தாலும் ஒரே பாட்டுத்தான் பாடுவார். “திட்டம் போடுறதுல இருந்து சப்போர்ட் வரைக்கும் நாங்க கூடவே இருப்போம்ணே.”

கூட இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். செல்லூரில் விசைத்தறித் துண்டு வியாபாரம் செய்யும் நல்லகாமனுக்குச் சரக்கு இருப்பைப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டியிருந்தது. திட்டமிடல் என்பது, அவர் எதைக் கேட்டாலும் “பண்ணிரலாம்ணே” என்று சூரியபிரகாஷ் மண்டையை ஆட்டியது. தேவைகளைக் கேட்டறிவது என்பது, அவர் கடையில் உட்கார்ந்து வடை தின்றது. சாஃப்ட்வேரை எழுத ஆரம்பித்தவர்கள் பாதியில் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்கள். சோதித்துப் பார்க்கும் வேலையை நல்லகாமன் தலையிலேயே கட்டினார்கள். கடைசியில் நல்ல நாள் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அது படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு வருவதற்குப் பெயர்தான் சப்போர்ட். கம்பெனியின் மொத்த சப்போர்ட்டும் டயானா என்கிற ஒரே ஒரு பெண். “ஏம்மா, எம்புட்டு துண்டு இருக்குன்னு கேட்டா மைனஸ்ல காட்டுதே. இல்லாத துண்டு எப்படிம்மா மைனஸ்ல இருக்கும்?” என்று நல்லகாமன் கேட்பார். யாரோ செய்த கூத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்பாள். தல்லாகுளத்து வீட்டில் அவளும், மிஷன் ஸ்கூலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா அற்புதமேரியும் மட்டும்தான். சாப்பிடும்போதும் அந்த சப்போர்ட் போன் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ஒருவழியாக அவளுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கையில் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. அது சூரியபிரகாஷுக்கும் தெரியும்.

“கே.டி. குடுக்காம லெட்டர் தர முடியாது டயானா. பாலிசி.”

கே.டி. என்றால், போகிறவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அடுத்து வருகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது. கேட்டுக்கொண்டவர் முடிவில் ‘புரிந்தது’ என்று மெயில் போட வேண்டும். அது வந்தால்தான் லெட்டர்.

“யாருக்கு சார் குடுக்கணும்? ஆளே இல்லையே.”

“வருவாங்க. நீங்க மீட்டிங்கப் போட்டுப் பேச ஆரம்பிங்க. ரெக்கார்டு மட்டும் பண்ணிருங்க.”

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாலை ஒட்டிய மீட்டிங் அறையை ஒதுக்கினார்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள், சித்திரை மாதத்து உச்சிவெயிலில் மதுரையில் இருந்து பார்த்ததில்லை.

முதல் நாள் அவள் ஆன்லைன் மீட்டிங்கைத் திறந்ததும் ஒருவர் உள்ளே வந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சப்போர்ட்’ என்று மட்டும் இருந்தது. முகம் தெரியவில்லை. இந்தக் கம்பெனிகளில் இது சகஜம். கேமராவை அணைத்து வைத்துவிட்டுத் தூங்குவார்கள், மீன் குழம்பு தாளிப்பார்கள். எதிரில் யார் என்று கேட்க வேண்டும் என யாருக்கும் தோன்றாது. டயானாவுக்கும் தோன்றவில்லை.

“கேக்குதா?” என்றாள்.

“ம்...”

மறுநாள் அது கேள்வி கேட்டது. மெல்லிய பெண் குரல். சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“போன எடுத்ததும் என்ன சொல்லுவீங்க?”

“வணக்கம்ணே, டயானா பேசுறேன், சொல்லுங்கன்னு சொல்லுவேன்.”

“வணக்கம்ணே... டயானா பேசுறேன்... சொல்லுங்க...”

கிளிப்பிள்ளை போல அதையே சொல்லிப் பார்த்தது. ‘நம்ம பேரையேவா சொல்லிப் பாக்குறது, எந்தக் காலேஜ்ல இருந்து பிடிச்சாங்களோ’ என்று டயானா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஹாலில் யாரும் இல்லை. ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... அதே சத்தம் லேப்டாப்பிலும் கேட்டது. அப்படியானால் அந்தப் பெண் இதே கட்டடத்தில்தான் இருக்கிறாள். டயானா எழுந்து ஹால் முழுக்கத் தேடினாள்.

யாரும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து உற்றுக் கேட்டாள். முதலில் லேப்டாப்பில் டொக்... அதற்குப் பிறகுதான் பக்கெட்டில் சொட்டு விழுந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. இருந்தாலும் லெட்டர் வேண்டுமே. நெட் கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை குரல் மாறியிருந்தது. வார்த்தையின் முடிவில் லேசாக ஒரு இழுப்பு. அது டயானாவின் இழுப்பு.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள்.

“எல்லாம் சொல்லிட்டேன். புரிஞ்சதுன்னு மெயில் போட்டிருங்க.”

“இன்னும் ரெண்டு கேள்வி... வீடு எங்க?”

“தல்லாகுளம். ஏன்?”

“அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க?”

பதில் சொன்னால்தான் அந்த மெயில் வரும். மெயில் வந்தால்தான் லெட்டர். இதைத் தாண்டிவிட்டால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

“மம்மின்னு.”

“மம்மி...” என்றது அது.

இழுப்பு மட்டும் இல்லை. முழுக்க அவள் குரல்.

டயானா லேப்டாப்பை மூடினாள். அன்று மாலையே லெட்டர் கிடைத்தது. வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

கோயம்புத்தூருக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சூரியபிரகாஷ் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அடுத்தவரைத் தொந்தரவு செய்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

“டயானா, வேலைய விட்டுப் போயும் சப்போர்ட் போன எடுக்குறீங்களே, பெரிய மனசு. நல்லகாமன் அண்ணே ஒரே பாராட்டு.”

“நான் எடுக்கல சார். அந்தப் போன உங்க மேஜை மேலதான் வச்சேன். கே.டி. வாங்குன பொண்ணு எடுத்திருக்கும்.”

“எந்தப் பொண்ணு? நான் ஆளே போடலையே. ரெக்கார்டு இருந்தாப் போதும்னுதான் உங்களப் பேசச் சொன்னேன்.”

“அப்ப புரிஞ்சதுன்னு மெயில் போட்டது யாரு?”

“உங்க ஐடியில இருந்துதான வந்துச்சு. அவசரத்துல நீங்களே போட்டுக்கிட்டீங்கன்னு விட்டுட்டேன். மேஜை மேல போன் இல்லன்னதும், நீங்களே கொண்டு போயிட்டீங்கன்னு நினைச்சேன்.”

டயானா நடந்ததை எல்லாம் திக்கித் திணறிச் சொன்னாள். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் பயந்திருப்பான். சூரியபிரகாஷ் கொட்டாவி விட்டார்.

“யாரா இருந்தா என்ன டயானா. கம்ப்ளெயிண்ட் வரல. அம்புட்டுத்தான நமக்கு வேணும்.”

ஆள் போடாமல் வேலை நடக்கிறது. அந்த மனுஷனுக்கு அதைவிட என்ன வேண்டும், தூ.

அவள் சப்போர்ட் நம்பரைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தார்கள்.

“வணக்கம்ணே, டயானா பேசுறேன், சொல்லுங்க.”

அவள் குரல்.

“யாரு... யாரு நீ?”

“நீங்கதானக்கா எல்லாத்தையும் ஒப்படைச்சீங்க...”

கட்.

அடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அற்புதமேரி எடுத்தார்.

“என்னடி இது, காலையில பஸ்ஸ விட்டு எறங்கி வந்து தூங்குறேன்னு ரூமுக்குள்ள போன. இப்பத்தான் யார்கிட்டயோ வணக்கம்ணேன்னு பேசிக்கிட்டு இருந்த. உள்ள இருந்துக்கிட்டு எனக்கு எதுக்குப் போன் போடுற?”

“மம்மி... நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, வீட்டுக்குள் இருந்து...

“மம்மி, போன்ல யாரு?”