நிற்பதற்கு ஒரு சீட்டு

மெக்சிகோ நகரத்தின் பழைய கடைத்தெருவில், நடைபாதையில் காலுறை விற்றுப் பிள்ளை வளர்த்தவள் தொமாசா. நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். நான்கு மூலையிலும் கயிறு கட்டிய துணியை விரித்து விற்பாள். நகராட்சியின் சோதனை வண்டி வந்தால் கயிறுகளைச் சேர்த்து இழுத்து, மூட்டையோடு ஓட்டம் பிடிப்பாள்.

வண்டி வருவதைத் தெருமுனையில் நின்று சொல்பவன் எலிகியோ. "தண்ணி!" என்று கத்துவான். அந்த ஊரில் அதற்கு 'உஷார்' என்று பொருள். அவன் தொமாசாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன்; ஞாயிறு தவறாமல் அவள் வீட்டில் சாப்பிடுகிறவன். அவன் குரலை நம்பி, தெருமுனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் விற்றாள்.

அன்று குரல் வரவில்லை, வண்டிதான் வந்தது. சரக்கு மொத்தமும் போயிற்று. எலிகியோ அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள் பைத்தியக்காரி.

மறுநாள் கொஞ்சம் காலுறையைக் கடனாக வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய இடத்தில் இரும்புத் தகட்டால் ஆன புதிய பெட்டிக்கடை இருந்தது, அனுமதிச் சீட்டு தொங்கியது. உள்ளே எலிகியோ.

"வாங்க தங்கச்சி."

"நேத்து ஏண்ணே கத்தல?"

"கத்தாம இருந்தாத்தான் சீட்டுன்னாங்க நகராட்சியில."

"அதுக்கு என் இடந்தான் கெடச்சுதா?"

"தெரு யாரு வீட்டுச் சொத்து? உங்களை விக்க வேண்டாம்னா சொன்னேன்? கையில தொங்கப்போட்டு நடந்துக்கிட்டே வித்துக்கோங்க. நின்னு வித்தாத்தான் சீட்டு வேணும்."

அதை ஏதோ உதவி செய்கிற மாதிரி சொன்னான். தொமாசா காலுறைகளைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கடைக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். பொறுக்க முடியாமல் எலிகியோ போலீஸ்காரரைக் கூப்பிட்டான்.

"என்னம்மா விக்குற?" என்றார் அவர்.

"ஒண்ணும் விக்கல சார்."

"அப்புறம் எதுக்கு நிக்குற?"

"என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் சார் இந்த ஆளு. இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கேன், மூஞ்சியை ஒழுங்காப் பாக்கவே இல்ல. இப்பத்தான் பாக்குறேன்."

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வழியே போய்விட்டார். எலிகியோ குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த சரக்கைக் கலைத்து, மறுபடியும் அடுக்க ஆரம்பித்தான்.